ஸ்டெல்லாரிஸ் 3.6 சோதனைப் பதிப்பு: பேட்டில்ஷிப் மட்டும் வைத்த படை இனி எடுபடாதா?

துணைக்கோள் (கேள்வி)

ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி வியூக ஆட்டத்தின் 3.6 ‘ஓரியன்’ சோதனைப் பதிப்பில் (2022) சண்டைக் கணக்கே மாறிவிட்டது. 3.5 வரை கண்ணை மூடிக்கொண்டு கட்டிய டிசைன் இது: 20 பேட்டில்ஷிப் (பெரிய போர்க்கப்பல்), எல்லாமே ஒரே மாதிரி. முகப்பில் ஸ்பைனல் மவுண்ட் (மிகப் பெரிய பீரங்கிக்கான பகுதி), அதில் கிகா கேனன். நடுவிலும் பின்னாலும் ஆர்ட்டிலரி பகுதி, அவற்றில் கைனெடிக் ஆர்ட்டிலரி (தூரத்திலிருந்து சுடும் பீரங்கி). பாதுகாப்பு இடங்களில் முக்கால்வாசி ஷீல்டு (சக்திக் கவசம்), மிச்சம் ஆர்மர் (தகட்டுக் கவசம்). சண்டையில் கப்பல் எப்படி நகர வேண்டும் என்று சொல்லும் பாகம் ஆர்ட்டிலரி கம்ப்யூட்டர்.

சோதனைப் பதிப்பில் இதே படை, ஏறக்குறைய அதே அலாய் (கப்பல் கட்டத் தேவையான உலோகம்) செலவில் கட்டிய, சிறு கப்பலான ஃபிரிகேட்டும் நடுத்தரக் கப்பலான டார்பிடோ குரூசரும் கலந்த படையிடம் தோற்கிறது. சண்டைக்கு முன்னால் ஃப்ளீட் பவர் எண் நம் பக்கம்தான் அதிகம் காட்டுகிறது. அறிக்கையைத் திறந்தால் எதிரியின் டார்பிடோக்கள் ஷீல்டைத் தொடாமலேயே ஆர்மரையும் ஹல்லையும் (கப்பலின் உடல்) தின்றிருக்கின்றன.

கேட்க வேண்டியது மூன்று. இது பிழையா, வேண்டுமென்றே செய்த மாற்றமா? அதே 160 நேவல் கெபாசிட்டியை (கப்பல்கள் எடுத்துக்கொள்ளும் படை இடம்) எப்படிப் பிரித்தால் தாங்கும்? மன்றத்தில் கருத்து எழுதுமுன் இரண்டு டிசைன்களை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

அலாய்_கணக்கன்

பிழை இல்லை. இந்தப் பதிப்பின் மையமே அதுதான். முன்பு டார்பிடோ, மிகச் சிறிய கப்பலான கார்வெட்டில் இருந்தது. இப்போது அந்தப் பகுதியைக் கார்வெட்டிலிருந்து எடுத்து, ஃபிரிகேட் என்ற தனி வகையாக வைத்திருக்கிறார்கள். கூடவே, இலக்கு பெரிதாக ஆக டார்பிடோவின் டேமேஜும் பெருகும். கார்வெட்டில் பட்டால் சாதாரண அடி. பேட்டில்ஷிப்பில் பட்டால் பல மடங்கு. அதைவிடப் பெரிய டைட்டன் என்றால் இன்னும் மோசம். உங்கள் படையில் இருப்பது 20 பெரிய இலக்குகள், வேறொன்றும் இல்லை. டார்பிடோவுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

ஷீல்டு விஷயத்தில் குழப்பமே வேண்டாம். ஏவுகணையும் டார்பிடோவும் ஷீல்டை முழுதாகக் கடந்து போகும், ஹேங்கரிலிருந்து கிளம்பும் ஸ்ட்ரைக் கிராஃப்டும் (சிறு போர் விமானங்கள்) அப்படித்தான். முக்கால்வாசி இடத்தை ஷீல்டுக்குக் கொடுத்த டிசைனில், டார்பிடோவுக்கு எதிராக அந்த முக்கால்வாசி இடமும் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், உங்கள் ஆயுதங்கள் எதிரியைத் தொடவே இல்லை. தாக்கும் வாய்ப்பின் சூத்திரம் பழையதுதான்: அக்யுரசியிலிருந்து (ஆயுதம் குறி தவறாத அளவு), எவேஷனில் (இலக்கு நழுவித் தப்பும் அளவு) டிராக்கிங் (ஆயுதம் நழுவும் இலக்கைத் தொடரும் அளவு) போக மீதியைக் கழிக்க வேண்டும். டிராக்கிங் எவேஷனைவிடப் பெரிதாக இருந்தால் கழிக்க ஒன்றுமில்லை. அக்யுரசி 90, டிராக்கிங் 5 உள்ள ஒரு எல் (பெரிய அளவு) ஆயுதத்தை எவேஷன் 80 உள்ள சிறு கப்பல்மீது சுட்டால் 90 − 75 = 15. நூறு குண்டில் பதினைந்துதான் படும். அதே அக்யுரசியும் டிராக்கிங் 50-ம் உள்ள எஸ் (சிறிய அளவு) ஆயுதம் என்றால் 90 − 30 = 60. ஓர் எல் இடத்தில் நான்கு எஸ் அடங்கும். ஆக, எல் ஆயுதத்தின் ஒரு குண்டு எஸ்ஸைப்போல் நான்கு மடங்கு டேமேஜ் தந்தாலும், சிறு கப்பல்களுக்கு எதிராக அந்த இடத்தில் நான்கு எஸ் வைப்பது நான்கு மடங்கு லாபம். இலக்கு எவேஷன் 5 உள்ள பேட்டில்ஷிப் என்றால் இரண்டும் 90 சதவீதம் படும். அப்போது எல்தான் சரி, தூரமும் கூடக் கிடைக்கிறது.

அதோடு பெரிய பீரங்கிகளுக்குக் குறைந்தபட்சத் தூரம் ஒன்று உண்டு. எதிரி அதற்குள் நுழைந்துவிட்டால் சுடவே முடியாது. டார்பிடோவின் தூரம் குறைவு, அதனால் அதை ஏந்தும் கப்பல்கள் ஒட்டி வந்துதான் ஆக வேண்டும். அவை ஒட்டி வரும்வரை தடுக்க உங்கள் படையில் ஆளே இல்லை. வந்த பிறகு பாதி பீரங்கி வாய் மூடிக்கொள்கிறது. தோற்றதற்குக் காரணம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

கப்பல்பட்டறை

160 கெபாசிட்டியைப் பிரிக்க ஒரு தொடக்கக் கணக்கு. கார்வெட் 1, டெஸ்ட்ராயர் 2, குரூசர் 4, பேட்டில்ஷிப் 8. ஹல் விலையும் அதே விகிதத்தில் 30, 60, 120, 240 அலாய்.

10 பேட்டில்ஷிப் (80), 8 குரூசர் (32), 16 டெஸ்ட்ராயர் (32), 16 கார்வெட் (16). கூட்டினால் 160. ஹல்லுக்கு மட்டும் 2,400 + 960 + 960 + 480 = 4,800 அலாய். உங்கள் 20 பேட்டில்ஷிப்புக்கும் ஹல் செலவு இதே 4,800. பாகங்களின் விலைதான் வேறுபடும். அதைக் கீழே சொல்லும் சோதனையில் சரிக்கட்ட வேண்டும்.

இதில் ரொம்ப முக்கியம் டெஸ்ட்ராயர். பலரும் அதை 3.5-லேயே ஓரம்கட்டிவிட்டார்கள், அதனால் மறந்திருப்பீர்கள். பத்து டெஸ்ட்ராயருக்கு முன்னும் பின்னும் பிக்கெட் பகுதி, பாயின்ட் டிஃபென்ஸ் இடங்களில் ‘பிடி’ (வரும் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் பாயின்ட் டிஃபென்ஸ் துப்பாக்கி), எஸ் இடங்களில் ஆட்டோகேனன் அல்லது லேசர், பிக்கெட் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர் டிராக்கிங்கை ஏற்றித் தரும், அதற்காகவே அது வேண்டும். மிச்சம் ஆறில் பின்பகுதியை இன்டர்செப்டராக மாற்றி எஸ் துப்பாக்கிகளைக் கூட்டுங்கள். இவை ஃபிரிகேட்டை வேட்டையாட.

பிடியா ஃப்ளாக்கா என்பதற்கு: எதிரியிடம் ஏவுகணையும் டார்பிடோவும் என்றால் பிடி, ஸ்ட்ரைக் கிராஃப்ட் என்றால் ஃப்ளாக். எதிரி டிசைனைப் பார்க்காமல் பாதிக்குப் பாதி போடுவது தப்பில்லை. ஆனால் டார்பிடோவுக்கென்று தனி ஹல், ஆர்மர் உண்டு, ஒரு குண்டில் விழாது. ஒன்றிரண்டு பிடி வைத்துவிட்டு “வேலை செய்யவில்லை” என்று புகார் எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை. ஒரே அலையில் வரும் டார்பிடோக்களின் எண்ணிக்கைக்கு ஈடாக, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடி இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பேட்டில்ஷிப் பத்தில் நாலை ஹேங்கர் முகப்பு, கேரியர் நடுப்பகுதி, கேரியர் கம்ப்யூட்டர் என்று மாற்றுங்கள். ஸ்ட்ரைக் கிராஃப்டின் டிராக்கிங் நன்றாக இருக்கும். டார்பிடோக் கப்பல்கள் நெருங்கி வரும் அந்த நேரத்தில் அடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மிச்ச ஆறும் பழைய ஆர்ட்டிலரியாகவே இருக்கட்டும். எதிரியின் பெரிய கப்பல்களையும் ஸ்டார்பேஸையும் (விண்வெளித் தளம்) உடைக்க யாராவது வேண்டுமே.

குரூசர் எட்டும் டார்பிடோ முகப்பு, டார்பிடோ நடுப்பகுதி, டார்பிடோ கம்ப்யூட்டர். கார்வெட் பதினாறும் ஸ்வார்ம் கம்ப்யூட்டர், ஆஃப்டர்பர்னர் (வேகமும் எவேஷனும் கூட்டும் பாகம்). அவை முன்னால் ஓடி முதல் அடியை வாங்கட்டும், அந்த நேரத்தில் குரூசர் தூரத்தைக் கடந்துவிடும். சிறு கப்பல்மீது வீணாகும் ஒவ்வொரு டார்பிடோவும் உங்கள் பேட்டில்ஷிப்மீது விழாத டார்பிடோ.

பாதுகாப்பு இடங்களில் பேட்டில்ஷிப்புக்கு ஆர்மரைப் பாதிக்கு மேல் கொண்டுபோங்கள். 3.6-ல் புதிதாக வந்திருக்கும் ஹார்டனரைத் துணைப்பாக இடத்தில் பொருத்தலாம். ஷீல்டு ஹார்டனர் இருந்தால், கடந்து போக வேண்டிய டேமேஜில் ஒரு பங்கை ஷீல்டு பிடித்துக்கொள்ளும். ஷீல்டு நிறைய உள்ள கப்பலில்தான் அதற்கு மதிப்பு. ஆர்மரை நம்பும் டிசைனில் அது வீண்.

நெபுலா76

மேலே சொன்ன கலவையை மறுக்கவில்லை, ஆனால் ஒரு கவலை. டார்பிடோ குரூசருக்கு இப்போதுள்ள எண்களில் பலன் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கிறது. ஃபிரிகேட் ஒட்டி வருவதற்குள் செத்துப்போகும், அது நியாயமான விலை. குரூசருக்கு ஹல்லும் ஆர்மரும் இருப்பதால் ஒட்டி வந்தும் உயிரோடு நிற்கிறது. பேட்டில்ஷிப் மட்டும் உள்ள படை இருந்த இடத்தில் டார்பிடோ குரூசர் மட்டும் உள்ள படை வந்து உட்கார்ந்தால் மாற்றத்துக்கு அர்த்தமே இல்லை.

அலாய்_கணக்கன்

உண்மைதான், ஆனால் அது எந்தச் சண்டையில் என்பதைப் பார்க்க வேண்டும். பேட்டில்ஷிப்புக்கு எதிராக டார்பிடோ குரூசர் வெல்லத்தான் வேண்டும். கேள்வி, எஸ் ஆயுதம் ஏந்திய கார்வெட், டெஸ்ட்ராயர் கூட்டத்துக்கு எதிராகவும் அது வெல்கிறதா என்பது. அங்கே டார்பிடோவின் பெருக்கம் கிடைக்காது, குரூசரின் எவேஷனும் அடிப்படையில் 10 சதவீதம்தான். எஸ் ஆயுதங்கள் எல்லாமே படும். இந்த ஜோடியை அளந்து காட்டினால் உங்கள் வாதம் நிற்கும். பேட்டில்ஷிப்புக்கு எதிரான முடிவை மட்டும் காட்டினால் “அதுதானே நோக்கம்” என்று பதில் வரும்.

அளப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். எனவே முறை.

ஸ்டீமில் ஆட்டத்தின் பெயர்மேல் வலது கிளிக், பண்புகள், பீட்டா பகுதி, அதில் 3.6 கிளை. அதற்கு முன் ஆவணங்கள் கோப்புறையில் பாரடாக்ஸ் இன்டராக்டிவ் கோப்புறைக்குள் ஸ்டெல்லாரிஸின் சேமிப்புக் கோப்புறையை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். புதிய பதிப்பில் சேமித்த ஆட்டத்தைப் பழையதில் திறக்க முயலாதீர்கள். லாஞ்சரில் மாட் (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் கோப்பு) எதுவும் இல்லாத பிளேசெட்டைத் (மாட் பட்டியல்) தேர்ந்தெடுங்கள். கப்பல் அளவு, பாகங்கள் கோப்பைத் தொடும் ஒரு மாட் இருந்தாலும் புதிய எண்களுக்குப் பதில் மாட்டின் பழைய எண்கள்தான் ஓடும். “மாற்றமே தெரியவில்லை” என்று வரும் பதிவுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 3.5 சேமிப்பைத் தொடராமல் புது ஆட்டம் தொடங்குங்கள். டார்பிடோ கார்வெட் டிசைன்கள் இதில் செல்லாது.

அயர்ன்மேன் முறையை (ஆட்டத்தைப் பின்னோக்கித் திருத்த விடாத அமைப்பு) அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் கன்சோல் (கட்டளை எழுதும் பெட்டி) திறக்காது. தொழில்நுட்பம் முழுவதையும் திறந்து, உடனடிக் கட்டுமானக் கட்டளையைப் போடுங்கள். கப்பல் வடிவமைப்புத் திரையில் தானியங்கி டிசைன் குறியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் நீங்கள் செய்த டிசைனுக்குப் பக்கத்தில் ஆட்டமே செய்த ஒன்றும் வந்து நிற்கும், தவறி அதைக் கட்டிவிட்டால் சோதனையே வீண். கன்சோலின் ‘பிளே’ கட்டளையால் எதிரி நாட்டுக்கு மாறி அவர்கள் பக்கப் படையையும் நீங்களே கட்டலாம்.

இரு பக்கமும் மொத்த அலாய் செலவைச் சமமாக்குங்கள். கெபாசிட்டியோ ஃப்ளீட் பவரோ சமமாக இருப்பது போதாது. ஃப்ளீட் பவர் யார் யாரை அடிக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை, அதனால்தான் துணைக்கோளுக்கு எண் அதிகமாகக் காட்டியும் தோல்வி. இரு பக்கமும் அட்மிரலை நீக்குங்கள். களம் சாதாரண நட்சத்திர சிஸ்டமாக இருக்கட்டும்: பல்சார் ஷீல்டை அழித்துவிடும், நியூட்ரான் நட்சத்திரம் வேகத்தைக் குறைத்து ஒட்டி வர வேண்டிய படையைத் தண்டிக்கும். ஸ்டார்பேஸ் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

சண்டைக்குச் சற்று முன் சேமித்து, அதே இடத்திலிருந்து ஐந்து தடவையாவது ஓட்டுங்கள். விலகி ஓடிய கப்பலை இறந்ததாக எண்ணாதீர்கள். பெரிய கப்பல் விலகினால் அதன் 240 அலாய் ஹல் கையில்தான் இருக்கிறது, பழுதுபார்த்தால் போதும். எத்தனை கப்பல் போனது என்பதை விட்டு, எவ்வளவு அலாய் போனது என்று எழுதுங்கள்.

கப்பல்பட்டறை

ஒன்று சேர்க்கிறேன். கமாண்ட் லிமிட் (ஒரே படையில் அடங்கும் உச்ச அளவு) 160-க்குக் கீழே என்றால் படை இரண்டாகப் பிரியும். இரண்டும் வெவ்வேறு நாளில் சிஸ்டத்துக்குள் நுழைந்தால் முதல் பாதி தனியாகச் சாகும், முடிவு டிசைனைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. பக்கத்து சிஸ்டத்தில் சேர்த்துவைத்து ஒன்றாக அனுப்புங்கள். பிரிக்கும்போதும் கார்வெட்டை ஒரு படையிலும் பேட்டில்ஷிப்பை இன்னொன்றிலும் போடாமல் ஒவ்வொன்றிலும் பாதிப்பாதி கலந்து வையுங்கள்.

கருத்து எழுதும்போது இரு பக்க டிசைனின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), சண்டை அறிக்கையில் ஆயுதவாரியாக ஷீல்டு, ஆர்மர், ஹல் டேமேஜ் காட்டும் பக்கம், சண்டைக்கு முந்தைய சேமிப்புக் கோப்பு, முகப்புத் திரையில் தெரியும் பதிப்பு எண் இவ்வளவும் இணையுங்கள். சோதனைக் கிளையில் எண்கள் இடையிலேயே மாறக்கூடும். பதிப்பு எண் இல்லாத அறிக்கையை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

துணைக்கோள்

நன்றி இருவருக்கும். ஒரே சந்தேகம்: ஆர்ட்டிலரி பேட்டில்ஷிப்பின் துணைப்பாக இடத்தில் ஆஃப்டர்பர்னரை எடுத்துவிட்டு ஹார்டனர் போடலாமா?

கப்பல்பட்டறை

தாராளமாக. பேட்டில்ஷிப்பின் அடிப்படை எவேஷன் 5 சதவீதம். ஆஃப்டர்பர்னர் அதன்மேல் எவ்வளவு ஏற்றினாலும் எதிரி எல் ஆயுதத்துக்கே போதாது. தூர நின்று சுடும் கப்பலுக்கு வேகமும் தேவையில்லை. ஆர்மர் அதிகம் என்றால் ஆர்மர் ஹார்டனர், ஷீல்டு அதிகம் என்றால் ஷீல்டு ஹார்டனர். எடுத்த ஆஃப்டர்பர்னரைக் குரூசருக்குக் கொடுங்கள், அதற்குத்தான் ஒட்டிப் போக வேண்டிய அவசரம்.