பாலையாவின் முகத்தைப் பார்க்கச் சொன்ன தவில்காரர்

காவிரிப் பாசன ஊர்களில் என் வயதுக்காரர்களுக்குத் திரைப்பட நகைச்சுவை பெரும்பாலும் காது வழியாகவே வந்து சேர்ந்தது. கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும், மைக்செட்காரர் குழாயைத் தென்னை மரத்தில் கட்டி, 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் வசனத்தை முழுவதுமாக ஓடவிடுவார். தருமியின் புலம்பல் வயலைத் தாண்டி அடுத்த தெரு வரை கேட்கும். அதனாலேயே, யார் வேகமாகவும் சாமர்த்தியமாகவும் பேசுகிறாரோ அவரே சிறந்த நகைச்சுவை நடிகர் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அதை மாற்றிய சந்திப்புகளைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

திருவாரூர்ப் பக்கம் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில், மாப்பிள்ளை அழைப்புக்கு இன்னும் நேரம் இருந்ததால் மேளக்காரர்கள் தங்கியிருந்த அறையில் பேசிக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஓடிக்கொண்டிருந்தது. தவில் வித்துவான், துணி சுற்றிப் பசையேற்றி உலர்த்திய கூடுகளை வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டி, இறுகியிருக்கிறதா என்று ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சவடால் வைத்தியாக வரும் நாகேஷை நான் வியந்து பேசியதும் அவர் தலையை அசைத்து, “வைத்தி பெரிய ஆளுதான் தம்பி, இல்லேங்கல. ஆனா நான் முத்துராக்கைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன். அடுத்தவன் வாசிக்கிறதக் காதுல வாங்கத் தெரிஞ்ச ஆளு” என்றார்.

சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி நாகசுரம் வாசிக்க, டி. எஸ். பாலையா தவில்காரர் முத்துராக்காக வருகிற படம் அது. சிக்கலும் திருவாரூரும் எங்களுக்குப் பேருந்தில் போய்வரும் ஊர்கள் என்பதால், 1968இல் வந்த அந்தப் படத்தைச் சொந்த ஊர்க் கதையாகவே பார்த்து வளர்ந்தோம். நாயனக்காரரின் கோபத்துக்கும் ஊராரின் பேச்சுக்கும் நடுவில் நின்று சமாளிக்கிற மூத்த தவில்காரரைத் தாம் சிறு வயதிலிருந்து பல மேளச் செட்டுகளில் பார்த்திருப்பதாக வித்துவான் சொன்னார். பாலையா வாய் திறப்பதற்கு முன்பே, எதிரில் இருப்பவர் சொன்னது அவர் முகத்தில் எங்கே போய்த் தைக்கிறது என்று பார்க்கச் சொன்னார். மன்னார்குடியில் பிறந்த மனோரமா, ஜில் ஜில் ரமாமணியாக வந்து நாயனத்தின் ஓசையைப் பற்றி வெள்ளந்தியாக விசாரிக்கும் காட்சியிலும், சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொல்லும் சிவாஜியால்தான் அந்தக் கேள்விக்கு அவ்வளவு அழகு கூடுகிறது என்பது அவருடைய கருத்து.

ஊர் திரும்பியதும் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை, பாலையாவின் முகத்தை மட்டுமே கவனித்தபடி மறுபடியும் பார்த்தேன். பணக்காரத் தகப்பன் என்ற மிடுக்கோடு கேட்கத் தொடங்குகிறவர், மகன் எழுப்புகிற ஒவ்வொரு ஓசைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுபிள்ளையாகிவிடுகிறார். அவர் இல்லாவிட்டால் அது வெறும் பலகுரல் நிகழ்ச்சியாகிவிடும்.

அதன் பிறகு, ஒருவருக்கு எந்த நகைச்சுவை பிடிக்கும் என்று கேட்கும்போதெல்லாம் அந்தக் காட்சியில் யாரைப் பார்க்கிறார் என்றும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினேன். நாகப்பட்டினத்திலிருந்து வரும் வழியில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காரைக்கால் அம்மையார் ஒருவர், தங்கவேலு தங்கள் ஊர்க்காரர் என்று பெருமையோடு சொல்லிவிட்டு, ‘கல்யாணப் பரிசு’ படத்தில் தமக்குப் பிடித்தவர் எம். சரோஜாதான் என்றார். கணவர் அளக்கும் பொய்களை அந்த மனைவி மனதார நம்புவதால்தான் அந்த இடங்கள் இன்றும் நிற்கின்றன என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை என் விருப்பத்தைச் செதுக்கியவள் கும்பகோணத்தில் படிக்கும் என் அக்கா மகள். நிறத்தையும் உருவத்தையும் சொல்லிக் கேலி செய்யும் நிகழ்ச்சி வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். “சொல்றவர் மட்டும்தான் சிரிக்கிறார் மாமா, கேக்கறவர் முகத்தைப் பாருங்க” என்று ஒருமுறை சொன்னாள், அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியை அவளும் ரசிக்கிறாள். கவுண்டமணி எவ்வளவு கத்தினாலும் செந்தில் தன் கணக்கிலிருந்து இம்மியும் நகர்வதில்லை என்பதே காரணம். நாகா இயக்கத்தில் கவிதாலயா தயாரித்த ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தொடரில் கணவனும் மனைவியும் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பதால், இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து விரும்பிப் பார்ப்பது அதைத்தான். இன்றைய நிகழ்ச்சிகள் பலவற்றில் நடுவர் சிரிப்பதை மூன்று முறை திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். எனக்கு அது அலுப்பாக இருக்கிறது.

கூத்தாநல்லூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் வளைகுடாவில் பல வருடங்கள் வேலை பார்த்துத் திரும்பியவர். சேரன் இயக்கி 2000இல் வெளிவந்த ‘வெற்றிக் கொடி கட்டு’ படத்தில், துபாயிலிருந்து வந்த வடிவேலுவைப் பார்த்திபன் குடைந்து குடைந்து கேட்கும் காட்சியை அவர் வீட்டில் போட்டபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நண்பர் மட்டும், பார்த்திபனின் பாத்திரம் வெளிநாடு போகப் பணம் கட்டி ஏமாந்தவன் என்பதை எங்களுக்கு நினைவூட்டினார். போக முடியாமற்போனவன் போய்வந்தவனிடம் கேட்கிற கேள்விகள் அவை என்றும், தாம் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் டீக்கடையில் அதே தொனியில் தம்மிடமும் கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு அவரே ரிமோட்டை வாங்கி அந்தக் காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டார். இந்த முறை அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.