ஏசி மாட்டியதில் கோளாறு, சுவர் ஊறிவிட்டது: இழப்பீடு கேட்பது எப்படி?

வணக்கம். ஸ்பிளிட் ஏசியின் இன்டோர் யூனிட்டில் தண்ணீர் கசிந்து சுவர்ப்பூச்சு உப்பிவிட்டது. கீழிருந்த மர அலமாரியும் ஊறிப் பெருத்துவிட்டது. காரணம் டிரெயின் பைப் (ஏசித் தண்ணீரை வெளியேற்றும் குழாய்). சீராகச் சரிந்து இறங்க வேண்டியது, சுவருக்குள் ஓரிடத்தில் மேலேறி இறங்குகிறது. தண்ணீர் அங்கே தேங்கி, யூனிட்டுக்குள் தண்ணீர் சேரும் தட்டு நிரம்பி வழிகிறது. ரசமட்டம் வைத்தால் யூனிட்டும் டிரெயினுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

கடைக்காரர் ஏசியை மாட்டிய ஒப்பந்த ஆளைக் கைகாட்டுகிறார். அவரோ ஃபில்டர் அழுக்கு என்கிறார். (ஃபில்டர் அடைத்தால் காற்றைக் குளிரவைக்கும் காயிலில் ஐஸ் கட்டும், இங்கே ஐஸே இல்லை.) ஏசியை அணைத்துவிட்டு, தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது வெளியே போகாமல் உள்ளே வழிவதை வீடியோ எடுத்தாயிற்று. பில், இன்ஸ்டலேஷன் சீட்டு, ரசமட்டப் படங்களும் உண்டு.

பைப்பைப் பிரிக்கும் முன் வேறு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கினால் போதுமா, கடைக்காரரையும் நேரில் வரவழைக்க வேண்டுமா? பூச்சு, பெயின்ட், அலமாரிக்குத் தனித்தனி மதிப்பீடு இணைக்கலாமா? இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்லி நீட்டும் தாளில் "இனி வேறு கோரிக்கை இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாமா? இப்படி இழப்பீடு வாங்கியவர்கள் தங்கள் கடித வாசகத்தைப் பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.