கன்ட்ரோல் லிமிட்: 'கட்டுப்பாட்டு எல்லை' போதுமா?

அனைவருக்கும் வணக்கம். நம் தரக்கட்டுப்பாட்டுக் கலைச்சொல் பட்டியலில் 'கன்ட்ரோல் லிமிட்'டுக்குத் தமிழ்ச் சொல் எது என்ற பேச்சில் வந்த கேள்வி இது:

> கட்டுப்பாட்டு வரைபடம், கட்டுப்பாட்டு எல்லை. நேரடியாகவே இருக்கிறதே, இதில் விவாதிக்க என்ன?

வரைபடத்தோடு (கன்ட்ரோல் சார்ட், அளவுகளை நேர வரிசையில் குறிக்கும் படம்) எனக்குச் சண்டை இல்லை. அதில் மேலும் கீழும் போடும் கோடுகளான எல்லையில்தான் இடிக்கிறது.

பெங்களூரு பீன்யாவில் எங்கள் ஷாப்பில் 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் (தண்டு) கடைகிறோம். டிராயிங்கில் அனுமதித்த விலகல் ±0.05. மணிக்கு ஐந்து உருப்படி அளந்து சராசரியைக் குறித்துப் பார்த்தால், புள்ளிகள் 24.98க்கும் 25.02க்கும் நடுவில்தான் ஆடுகின்றன. டிராயிங் எண் வாடிக்கையாளர் கேட்டது. 24.98, 25.02 இரண்டும் இயந்திரம் தானாகக் காட்டியவை, கன்ட்ரோல் லிமிட் என்பது இதுதான். 'கட்டுப்பாடு' என்றதும் ஆபரேட்டர் கை சும்மா இருப்பதில்லை. 25.01 வந்தால் ஆஃப்செட்டை (வெட்டுக் கருவியின் நிலைத் திருத்தம்) குறைக்கிறார், 24.99 வந்தால் கூட்டுகிறார். அதனாலேயே சிதறல் இன்னும் அதிகமாகிறது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூவர்ட் 1924இல் இந்தப் படத்தை வரைந்ததே, எப்போது கை வைக்கலாம், எப்போது கூடாது என்று பிரித்துக் காட்டத்தான்.

என் பரிந்துரை: கன்ட்ரோல் லிமிட் – இயல்பெல்லை. டிராயிங் சொல்வது – ஏற்பெல்லை.

*

வணக்கம் ஐயா.

ஏற்பெல்லை அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இயல்பெல்லையில் இரண்டு சிக்கல். புள்ளியியலில் 'இயல்நிலைப் பரவல்' (மணி வடிவில் வரும் நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்) ஏற்கெனவே இருக்கிறது. தரவு அந்த மணி வடிவில் இருந்தால்தான் வரைபடம் செல்லும் என்று மாணவர்கள் நினைத்துவிடுவார்கள். அப்படி ஒரு நிபந்தனை கிடையாது.

இரண்டாவதுதான் பெரிது. இன்சர்ட் (கருவியின் வெட்டும் முனை) தேயத் தேய ஷாஃப்ட் விட்டம் மெல்லக் கூடும். தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டுக்கு மேலேயே நிற்கும், ஒன்றுகூட எல்லையைத் தாண்டியிருக்காது. அதை இயல்பு என்று விட்டுவிடலாமா? ஆபரேட்டர் கட்டாயம் ஆளைக் கூப்பிட வேண்டிய நேரமே அதுதான். புள்ளிகள் எவ்வளவு அலையும் என்பதை மட்டும் சொல்கிற 'அலைவெல்லை' எப்படி?

*

எட்டுப் புள்ளிக் கணக்கு சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். அலைவெல்லையே இருக்கட்டும். முதலில் காதுக்கு ஒட்டவில்லை. ஷிஃப்ட்டில் சொல்லிப் பார்த்தேன், 'எவ்வளவு அலையுதுன்னு சொல்றீங்களாண்ணே?' என்று தருமபுரிப் பையன் அவனாகவே கேட்டுவிட்டான்.

அப்புறம், தேய்ந்த இன்சர்ட் போலத் தேடிப் பிடிக்கக்கூடிய காரணத்துக்கு (அசைனபிள் காஸ்) 'சுட்டத்தக்க காரணம்' என்று போட்டிருக்கிறேன். 'சிறப்புக் காரணம்' வேண்டாம். ஏதோ விருது வாங்கியது போல் இருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் எழுதுங்கள்.