மேவன் பிளகினுக்குள் எக்ஸ்எம்எல்: எந்த நூலகத்தை எடுப்பது?

வைகைக்கரை:
வணக்கம். எங்கள் குழுவுக்காக மேவனுக்கு (ஜாவா நிரல்களைத் தொகுத்துக் கட்டும் கருவி) ஒரு பிளகின் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஜாவா 17இல். செக்ஸ்டைல் (Checkstyle, நிரல் நடையைச் சரிபார்க்கும் கருவி) எழுதித் தரும் எக்ஸ்எம்எல் அறிக்கையைப் படித்துப் பிழைகளை எண்ண வேண்டும். போம் கோப்பில் (மேவன் திட்டத்தின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்பு) ஒரு பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும். இப்போதைக்கு இரண்டையும் டாம் மரமாக, அதாவது கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஒரு மரமாக, ஏற்றுகிறேன். போமை ஜாவாவின் டிரான்ஸ்ஃபார்மர் வகுப்பு வழியாகத் திரும்ப எழுதுகிறேன். மாற்றியது ஒரே ஓர் எண். கிட்டில் (கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கருவி) பார்த்தால் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டுகிறது. வரிகளுக்கு நடுவே வெற்று வரிகள் வேறு. ஜேடாம், டாம்4ஜே, ஜாக்ஸ்-பி என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பழைய ஜாவாக்காரர்:
நூலகத்தை அப்புறம் பார்க்கலாம். படிப்பது ஒரு வேலை, அடுத்தவர் கோப்பில் கை வைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே கருவியால் முடிக்கப் பார்ப்பதில்தான் உங்கள் சிக்கல் தொடங்குகிறது.

அறிக்கைக்கு ஸ்டாக்ஸ் போதும்; கோப்பை வரிசையாக, நிகழ்வு நிகழ்வாகப் படிக்கும் முறை அது. ஜாவா 6 முதல் உடன் வருகிறது. எரர் டேக் எதிர்ப்படும்போதெல்லாம் அதன் செவெரிட்டி பண்பைப் பார்த்து எண்ணிக்கொண்டே போங்கள். மரம் கட்டவே வேண்டாம். இதற்காக வெளி நூலகம் சேர்த்தால் உங்கள் பிளகினைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அதையும் சேர்த்து இறக்க வேண்டும். ஜாக்ஸ்-பி ஜாவா 11இலேயே ஜேடிகேயிலிருந்து (ஜாவாவின் உருவாக்கத் தொகுப்பு) வெளியேற்றப்பட்டுவிட்டது. பிழைகளை எண்ணுவதற்கு அதை விருந்துக்கு அழைப்பானேன்?

போம் கோப்பு மனிதர் கையால் எழுதியது. எந்த மரத்தில் ஏற்றினாலும் இறக்கும்போது சில விஷயங்கள் தொலையும். ஜேடிகேயின் டாம் பண்புகளைப் பெயர் வரிசைப்படி அடுக்கிவிடும். இரண்டு எழுத்தாலான விண்டோஸ் வரி முடிவுகளைப் பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் பகுத்துப் படிக்கும் நிரல்) படிக்கும்போதே ஒற்றை எழுத்தாக்கிவிடும், விதிமுறையே அப்படித்தான்; அதை லினக்ஸ் எந்திரத்தில் திரும்ப எழுதினால் ஒவ்வொரு வரியும் மாறியதாகத்தான் கிட் சொல்லும். வெற்று வரிகளுக்குக் காரணம் ஜாவா 9இல் மாறிய உள்தள்ளல் முறை: கோப்பில் முன்பே இருக்கும் இடைவெளியை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் தன் இடைவெளியையும் போடுகிறது. போமை எழுதும் மேவனின் சொந்த எக்ஸ்பிபி3 ரைட்டரை நம்பிப் போகாதீர்கள், அது குறிப்புரைகளையே விழுங்கிவிடும்.

எனவே திரும்ப எழுதாதீர்கள். வுட்ஸ்டாக்ஸைச் (ஸ்டாக்ஸ் முறையில் படிக்கும் வெளிப் பார்சர்) சேர்த்துக்கொள்ளுங்கள்; இந்த இடத்தில் ஒரு வெளி நூலகம் தகும். ஒவ்வொரு நிகழ்வும் மூல உரையில் எந்த எழுத்தில் தொடங்கி எந்த எழுத்தில் முடிகிறது என்று அது சொல்லும். உங்கள் எண் இருக்கும் துண்டை மட்டும் ஸ்டிரிங்பில்டரில் வெட்டி ஒட்டுங்கள். பதிப்பு எண்களை மாற்றித் தரும் மேவனின் வெர்ஷன்ஸ் பிளகின் போமை மாற்றுவதும் இந்த வழியில்தான்.

இரவுப்பறவை:
ஓர் எண்ணை மாற்ற இவ்வளவு பாடா? ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒரு வரியில் முடித்துவிடுமே.

பழைய ஜாவாக்காரர்:
முடித்துவிடும், தாய்ப் போம் இல்லாத கோப்பில். பேரண்ட் பகுதி இருந்தால் முதலில் கண்ணில் படும் வெர்ஷன் பெரும்பாலும் அதனுடையது. அடுத்தது யாரோ குறிப்புரைக்குள் போட்டு வைத்த பழைய டிபென்டன்சியினுடையதாக இருக்கலாம். ப்ராஜெக்டுக்கு நேர் கீழே இருக்கும் வெர்ஷன் எது என்று தெரிய ஆழத்தை எண்ண வேண்டும். பார்சர் இருப்பதே அதற்குத்தானே, ஐயா.

நெசவாளி:
டாம் வழியிலேயே இருப்பவர்களுக்கு ஒன்று. டாக்யுமென்ட்பில்டர்ஃபேக்டரியில் நியூஇன்ஸ்டன்ஸ் என்று அழைத்தால் வகுப்புப் பாதையில் முதலில் அகப்படும் பார்சர்தான் வரும். ஏதாவதொரு சார்பு நூலகம் பழைய செர்செஸ் பார்சரை இழுத்து வந்திருந்தால் அதுவே கிடைக்கும். வெளி டிடிடிக்குத் (எக்ஸ்எம்எல்லின் அமைப்பு விதிகளைத் தரும் பகுதி) தடை போடும் ஆக்சஸ்எக்ஸ்டர்னல்டிடிடி பண்பு அதற்குத் தெரியாது. அமைத்த இடத்திலேயே இல்லீகல்ஆர்க்யுமென்ட் பிழை எறியும். ஜாவா 9 முதல் நியூடிஃபால்ட்இன்ஸ்டன்ஸ் இருக்கிறது, ஜேடிகேயின் பார்சரையே தரும். ஜேடாம் எடுப்பவர்கள் 2.0.6.1க்குக் கீழும் டாம்4ஜே எடுப்பவர்கள் 2.1.3க்குக் கீழும் போக வேண்டாம். முந்தையவற்றில் வெளி என்டிட்டி ஓட்டை (எக்ஸ்எம்எல் வழியாக வெளிக் கோப்புகளை இழுக்கவைக்கும் பாதுகாப்புக் குறை) உண்டு.

வைகைக்கரை:
நன்றி. அறிக்கைப் பகுதியை ஸ்டாக்ஸுக்கு மாற்றிவிட்டேன், நிரல் பாதியாகச் சுருங்கிவிட்டது. போம் பக்கம் ஒரு சந்தேகம்: வெட்டி ஒட்ட மூல உரை வேண்டும். அதை ஃபைல்ரீடரால் படிக்கலாமா? எங்கள் போமில் தமிழில் குறிப்புரைகள் இருக்கின்றன.

பழைய ஜாவாக்காரர்:
வேண்டாம். ஜாவா 18க்கு முன் ஃபைல்ரீடர் எந்திரத்தின் இயல்புக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். உங்களுடையது 17; விண்டோஸில் ஓட்டினால் தமிழ்க் குறிப்புரைகள் குப்பையாகிவிடும். மேவன் பயன்படுத்தும் பிளெக்ஸஸ் நூலகத்தின் ரீடர்ஃபேக்டரியில் நியூஎக்ஸ்எம்எல்ரீடர் இருக்கிறது, அது கோப்பின் தலைவரியைப் பார்த்துக் குறியாக்கத்தை எடுக்கும். எழுதும்போதும் அதே குறியாக்கத்தில் எழுதுங்கள். ஸ்டாக்ஸ் ஃபேக்டரியில் சப்போர்ட் டிடிடியை ஃபால்ஸ் ஆக்கவும் மறக்காதீர்கள்.