உதவி: பஹ்ரைன் டெஸ்ட் லேப் டைம் கணக்கு முதல் ரேஸோட ஒத்தே போகல

அஸ்தம்பட்டி கிரிட் (சேலம்):
வணக்கம். 2025 பிப்ரவரி 26-28 பஹ்ரைன்ல, சீசனுக்கு முன்னாடி நடந்த எஃப்1 (கார் ரேஸ்) டெஸ்ட்டோட லேப் டைம் எல்லாத்தையும் எக்செல்ல ஏத்தியிருக்கேன். ஓட்டுநருக்கு ரெண்டு காலம் (நெடுவரிசை): மூணு நாள்ல அடிச்ச சிறந்த லேப், மொத்த லேப்போட சராசரி. சிறந்த லேப் பட்டியல்ல வில்லியம்ஸ்ல ஓட்டின சைன்ஸ் 1:29.348ஓட முதல் இடம், அடுத்து ஹாமில்டன் 1:29.379, லெக்லேர் 1:29.431. ஆனா முதல் ரேஸ் நடந்த மெல்பர்ன்ல கிரிட்டோட (ரேஸ் கிளம்புறப்ப கார் நிக்கிற வரிசை) முதல் வரிசை முழுக்க மெக்லாரன், ஜெயிச்சது நாரிஸ். சராசரி காலத்துல தலையும் புரியல வாலும் புரியல. சில செல்லுல 0.001034ன்னு என்னமோ வருது. இந்த ஷீட்டை எப்படிச் சரி பண்றது?

ஓமலூர் எக்செல்:
அந்த 0.001034 சரியான எண்தாங்க. எக்செல் நேரத்தை ஒரு நாளோட பங்காத்தான் வெச்சுக்கும். ஒரு நாளுக்கு 86400 நொடி, அதால பெருக்குங்க, 89.3 நொடி வந்துடும். எல்லா லேப்பையும் முதல்ல இப்படி நொடியா மாத்திட்டு அப்புறம் கணக்கு போடுங்க. இதைவிட ஆபத்தானது ஒண்ணு இருக்கு. புள்ளிக்குப் பின்னாடி எண் இல்லாம வெறும் 1:36ன்னு ஒரு செல் இருந்தா, அதை 1 மணி 36 நிமிஷம்னு எடுத்துக்கும். நொடியில 5760. அப்படி ஒரு செல் போதும், அந்த ஓட்டுநரோட சராசரி குப்பை.

சேர்வராயன் பிட்லேன் (ஏற்காடு):
ஃபார்மட்டைச் சரி பண்ணினாலும் அந்த ரெண்டு காலமும் உதவாது தம்பி. ரெண்டையும் எடுத்துடுங்க. சேலத்துல இருந்து தர்மபுரி போறப்ப தொப்பூர் ஏத்தத்துல ரெண்டு லாரி ஏறுது. எதுல எவ்வளவு லோடுன்னு தெரியாம எந்த இன்ஜின் நல்லதுன்னு சொல்லுவீங்களா? டெஸ்ட்ல எந்த டீமும் ஃபியூல் எவ்வளவு ஊத்தியிருக்குன்னு சொல்லாது. 10 கிலோ கூடினா லேப்புக்கு சுமார் 0.3 நொடி போகும். உங்க முதல் மூணு பேருக்கும் நடுவுல இருக்கிறது 0.083 நொடி, அதாவது 3 கிலோ ஃபியூல்கூட இல்ல.

2019 பார்சிலோனா டெஸ்ட்டைப் பாருங்க. ஃபெராரில வெட்டல் 1:16.221, மெர்சிடிஸ்ல ஹாமில்டன் 1:16.224. அந்த வருஷம் மெல்பர்ன்ல மெர்சிடிஸ் முதல் ரெண்டு இடம், வெட்டல் 57 நொடி பின்னாடி நாலாவது.

பார்க்க வேண்டியது லாங் ரன், அதாவது நிக்காம தொடர்ந்து பல லேப் ஓடுறது. பிட்டுக்குள்ள (டயர் மாத்துற இடம்) வர்ற லேப், வெளிய போற லேப், செங்கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்தின லேப் எல்லாத்தையும் நீக்குங்க. மிச்சத்தை ஸ்டின்ட் (பிட்டுக்கு வராம ஒரே மூச்சுல ஓடின லேப்புகள்) வாரியா பிரிங்க. 8 லேப்புக்குக் குறைவான ஸ்டின்ட் வேண்டாம். ஒவ்வொரு ஸ்டின்ட்லயும் மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற டைம்) எடுத்து, அதைவிட 2 நொடிக்கு மேல மெதுவான லேப்பைத் தூக்கிடுங்க. அது டிராஃபிக், இல்ல ஓட்டுநர் தடுமாறினது. முதல் பறக்கும் லேப்பையும் (வெளிய வந்ததுக்கு அடுத்த முழு வேக லேப்) விட்டுடலாம், டயர் இன்னும் சூட்டுக்கு வந்திருக்காது. அப்புறம் ஒரே காம்பவுண்டை (டயர் ரப்பர் வகை) ஒரே காம்பவுண்டோட மட்டும் ஒப்பிடுங்க. மென்மையான சி3ல ஓடினதை கடினமான சி1ல ஓடினதோட வெச்சா கணக்கே இல்ல.

நேரமும் முக்கியம். டெஸ்ட் நம்ம நேரப்படி மதியம் 12:30க்கு ஆரம்பிச்சு இரவு 9:30க்கு முடியுது. அங்க சூரியன் மறையுறப்ப நமக்கு எட்டு மணி சுமார். அதுக்கப்புறம் தடம் குளிர்ந்து பிடிப்பு கூடும். மதிய வெயில்ல ஓடினவரை ராத்திரி ஓடினவரோட வெச்சு மார்க் போடாதீங்க.

அஸ்தம்பட்டி கிரிட்:
நன்றிங்கண்ணா. ஸ்டின்ட் பிரிச்சுட்டேன். ஆனா லாங் ரன்லயும் ஃபியூல் தெரியாதே? இன்னொண்ணு, ஒரு காருக்கு 14 லேப்பும் கிட்டத்தட்ட ஒரே டைம். டயர் தேயவே இல்லைன்னு எடுத்துக்கலாமா?

சேர்வராயன் பிட்லேன்:
எடுத்துக்கக் கூடாது. 2025 விதியில ரேஸுக்கு அதிகபட்சம் 110 கிலோ, பஹ்ரைன் ரேஸ் 57 லேப். லேப்புக்கு 1.93 கிலோ எரியுது, அந்த எடை குறையறதால மட்டும் லேப்புக்கு 0.06 நொடி வேகம் கூடணும். டைம் அப்படியே நிக்குதுன்னா, டயர் அந்த 0.06ஐ தின்னுட்டிருக்கு. எக்செல்ல ஸ்லோப் ஃபார்முலா (லேப்புக்கு லேப் டைம் எவ்வளவு மாறுதுன்னு காட்டும்) போடுங்க, வர்ற விடையோட 0.06 கூட்டுங்க. அதுதான் உண்மையான டயர் தேய்மானம். ஸ்லோப் +0.04 வந்தா தேய்மானம் லேப்புக்கு 0.1.

ஃபியூலைப் பிடிக்க ரேஸ் சிமுலேஷன்தான் ஒரே வழி. 57 லேப்புக்கு நெருக்கமா, நடுவுல டயர் மட்டும் மாத்தி ஓடுவாங்க. கண்டுபிடிக்கிறது எப்படின்னா, உள்ள வர்ற லேப்பும் வெளிய போற லேப்பும் சேர்ந்து சாதாரண ரெண்டு லேப்பை விட 20-25 நொடிதான் அதிகமா இருக்கும். நிமிஷக் கணக்குல இருந்தா கார் கராஜுக்குள்ள போயிருக்கு. அங்க ஃபியூல் ஊத்தினாங்களான்னு தெரியாது, அந்த ஸ்டின்ட்டைத் தனியா வெச்சுடுங்க.

சிமுலேஷன் கிடைச்சா திருத்தம் சுலபம். மிச்ச ஃபியூலை 0.03ஆல பெருக்கி லேப் டைம்ல கழிக்கணும். முதல் லேப்ல 3.3 நொடி கழியும், 20வது லேப்ல மிச்சம் 73 கிலோ, கழியறது 2.2, 40வதுல சுமார் 1.04. திருத்தினதுக்கு அப்புறம் ரெண்டு காரோட கோட்டை ஒரே கிராஃப்ல போடுங்க. 0.2 நொடிக்குள்ள இருந்தா சமம்னே வெச்சுக்கங்க. 110ன்னு நாம எடுத்ததே ஊகம், 5 கிலோ முன்னப்பின்ன இருந்தாலே 0.15 நகர்ந்துடும்.

ஆத்தூர் செக்டார்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். மொத்த லேப்போட செக்டார் டைமையும் (ஒரு லேப்பை மூணு பகுதியா பிரிச்ச டைம்) எடுங்க. சிலர் முதல் ரெண்டு செக்டார் முழு வேகத்துல போயிட்டு, கடைசி நேர்கோட்டுல கோட்டுக்கு முன்னாடியே ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடுவாங்க. லேப் டைம் சாதாரணமாத் தெரியும். மூணு செக்டாரோட சிறந்த டைமையும் கூட்டிப் பாருங்க. அடிச்ச லேப்பை விட அரை நொடி கீழ வந்தா ஏதோ மறைக்கிறாங்க. வளைவு நிறைஞ்ச நடு செக்டார்ல வேகமாவும், ஸ்பீடு ட்ராப்ல (நேர்கோட்டுல வேகம் அளக்கிற இடம்) மெதுவாவும் ஒரு கார் இருந்தா, இன்ஜினைத் தணிச்சு ஓட்டுறாங்க, இல்ல விங் (காரைத் தரையோட அழுத்துற இறக்கை) அதிகமா வெச்சிருக்காங்க. காலையில காத்தோட்டம் பார்க்க சென்சார் சட்டகம் மாட்டிட்டோ கலர் பெயிண்ட் பூசிட்டோ ஓடுற லேப்பைக் கணக்குலயே எடுக்காதீங்க.

அப்புறம், வில்லியம்ஸ் டைமை ஒரேயடியா பொய்யுன்னு தள்ளிடாதீங்க. மெல்பர்ன் குவாலிஃபையிங்ல ஆல்பன் 6வது, ரேஸ்ல 5வது. சீசன் முடிவுல டீமுக்கும் 5வது இடம். முதல் இடத்துக்கான கார் இல்ல, ஆனா முன்னேறியிருக்குன்னு டெஸ்ட்லயே தெரிஞ்சது.

அஸ்தம்பட்டி கிரிட்:
இதே ஷீட்ல 2026 டெஸ்ட்டையும் போடலாமா?

சேர்வராயன் பிட்லேன்:
வடிகட்டுற பகுதியை அப்படியே வெச்சுக்கலாம். 110, 1.93, 0.06 மூணையும் மாத்தியே ஆகணும். ஃபியூல் கம்மி, காரோட குறைந்தபட்ச எடை 768 கிலோவா இறங்கியிருக்கு. மின் மோட்டார் 120ல இருந்து 350 கிலோவாட் ஆயிடுச்சு, அதனால பேட்டரியைக் காலி பண்ற லேப்புக்கும் சார்ஜ் ஏத்துற லேப்புக்கும் வித்தியாசம் பெருசா வரும். மீடியனை விட்டு விலகின லேப்பை உடனே தூக்காம, ஒரு வேகம் ஒரு மெதுன்னு மாறி மாறி வருதான்னு பாருங்க. வந்தா ரெண்டு ரெண்டு லேப்பா சேர்த்து சராசரி எடுத்துட்டு, அதுல ஸ்லோப் போடுங்க.