புதுப்பிப்பு: 2,500 ரூபாய் ஆண்டுக் கட்டண டிராவல் கிரெடிட் கார்டு – வாங்கலைங்க

கோயமுத்தூரிலிருந்து வருசத்துக்கு ரெண்டு உள்நாட்டு விமானம், ஒரு சிங்கப்பூர் பயணம். இந்தக் கார்டு கட்டுப்படியாகுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கணக்குப் போட்டுக் காட்டின எல்லாருக்கும் நன்றிங்க.

அதில் பெருந்துறை அண்ணன் ஒருத்தர் சொன்ன வழிதான் முடிவைக் கொடுத்தது: 12 மாத ஸ்டேட்மென்டை எடுத்து, ரிவார்டு பாயின்ட் வராத செலவை முதலில் அடித்துவிடுவது. பெட்ரோல், வாடகை, மொபைல் வாலட்டில் போட்டது, ஜிஎஸ்டி கட்டியது எல்லாம் போக, 4,20,000 ரூபாயில் நின்றது 1,80,000. நூறு ரூபாய்க்கு 2 பாயின்ட், டிக்கெட்டுக்கு மாற்றினால் பாயின்ட்டுக்கு 50 காசு. ஆக 1,800 ரூபாய். கட்டணமோ 18% ஜிஎஸ்டி சேர்த்து 2,950. (பொருளாக வாங்கினால் 25 காசுதான், அந்தப் பக்கமே போகாதீங்க.)

எதிர்பாராதது வெளிநாட்டுச் செலவு. வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் வங்கி கூடுதலாகப் பிடிக்கும் மார்க்அப் 3.5%, அதன்மேல் ஜிஎஸ்டி, மொத்தம் 4.13%. லட்ச ரூபாய் தேய்த்தால் 4,130 போகும், பாயின்ட்டாகத் திரும்புவது ஆயிரம். விமான நிலைய லவுஞ்சுக்கும் (ஓய்வறை) முந்தின காலாண்டில் இவ்வளவு செலவழித்திருக்கணும் என்று பொடி எழுத்தில் நிபந்தனை.

இப்போது உள்ளூருக்குக் கட்டணமில்லாத கேஷ்பேக் கார்டு, சிங்கப்பூருக்கு மார்க்அப் இல்லாத கார்டு. அங்கே மெஷின் "ரூபாயா, டாலரா" என்று கேட்டால் டாலரையே அமுக்குங்க. ரூபாய் என்றால் கடைக்காரர் பக்கத்து மாற்று விகிதம், அது பெரும்பாலும் கூடுதல்.