பிள்ளைகள் படத்தில் பெரியவர்களுக்கு என்ன வேலை?

மொட்டைமாடி:
'அப்' (2009), பிக்சாரின் கார்ட்டூன் படம். பலூன் கட்டிய வீடு பறக்கும் என்று ஆசை காட்டித்தான் ஐந்து வயது மகளை டிவி முன்னால் உட்கார வைத்தேன். ஆரம்பம் தெரியும்தானே, வசனமே இல்லாமல் ஒரு கல்யாண வாழ்க்கை முழுக்க ஓடிவிடும். அருவி பார்க்கப் போக உண்டியலில் காசு சேர்ப்பார்கள். டயர் போகும், கால் முறியும், ஒவ்வொரு தடவையும் உண்டியலை உடைப்பார்கள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள், ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். "பயமா இருந்தா வேற படம் போடலாம்ப்பா." பலூன் வரவே இல்லை. யாருக்காகப் போட்டேன் என்பதுதான் இன்னும் குடைகிறது.

கடைசிவரிசை:
எங்கள் வீட்டில் தலைகீழ். 2015, 'காக்கா முட்டை', தியேட்டரில். பீட்சா விளம்பரத் தாளைப் பார்த்து ஆயா தோசையில் காய்கறி தூவிச் சுட்டுக் கொடுப்பாரே, அங்கே எல்லோரும் சிரித்தோம். என் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "பாட்டி பாவம்மா, கஷ்டப்பட்டு செஞ்சாங்கல்ல?" அன்று காலைதான் மாமியார் சுட்ட அடையை ஒரு வாய் தின்றுவிட்டு ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன். அவன் அதைப் பார்த்தானா என்று இதுவரை கேட்கவில்லை.

அரைத்தூக்கம்:
மொட்டைமாடி சார், அந்த ஆரம்பம் பெரியவர்களுக்காகச் சொருகியது என்கிறீர்களா? அது இல்லாவிட்டால் கிழவர் ஏன் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போகிறார் என்று பிள்ளைக்குப் புரியாது. மனைவி இறந்த பிறகு அவருக்கு வீடுதான் மனைவி. சொருகல் என்றால் நான் பார்த்ததுதான். டப்பிங் கார்ட்டூன் படம், இரட்டை அர்த்த வசனம் ஒன்று, பின்னால் விசில். "எதுக்குப்பா சிரிக்கிறாங்க?" நான் பாப்கார்ன் வாங்க எழுந்து போய்விட்டேன். கதை அவ்வளவுதான். அப்புறம் ஒன்று. எந்தப் படமானாலும் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். சாவு வருகிற இடத்தை முன்கூட்டியே சொல்லாதீர்கள், கேட்டால் நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். "அது பெரியவங்க விஷயம்" என்று மட்டும் வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அழுகைப் படம் போட்டால் தூங்க மாட்டார்கள். ஐந்து வயதுக்கு முழுப்படமே அதிகம், பாதி இன்று, பாதி நாளை. ஜன்னல் திரையை மூடாதீர்கள்.

மொட்டைமாடி:
சொருகியது என்று நான் சொல்லவே இல்லையே. வீடுதான் மனைவி என்று தெரிந்துதானே அழுதேன். ஜன்னல் திரை எதற்கு என்றுதான் புரியவில்லை. நேற்று அவளே கேட்டாள்: "அந்தப் படத்துல நீ பயப்படாத இடமும் இருக்காப்பா?"